வெளிநாட்டில் மருத்துவச்சிப் படிப்பும் தன்னார்வப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் மூன்று வருடம் மருத்துவச்சிப் படிப்பு படித்து, அங்கேயே பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். படிக்கும்போது நான்கு வாரம் உகாண்டாவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து ஊரில் தெரிந்தவர்களின் பெண்கள், நர்சிங் மாணவிகள், சில நேரம் அவர்களுடைய அம்மாக்கள் என்று யாராவது கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். கட்டணமும் விசா விதிகளும் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை நீங்களே சரிபாருங்கள்.

மிட்வைஃப்னா நர்ஸ்தானே அக்கா? அதைத் தனியா எதுக்குப் படிக்கணும்?

நம் ஊரில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமாவோ பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்தால் செவிலியர், மகப்பேறு செவிலியர் என்ற இரண்டு பதிவும் சேர்ந்தே கிடைக்கும். பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். என்று போடுவது அதனால்தான். பிரிட்டனில் இரண்டும் தனித்தனித் தொழில்கள். நர்சிங் படிக்காமல் நேரடியாக மருத்துவச்சி ஆகலாம். கர்ப்பம் உறுதியானது முதல் குழந்தை பிறந்து குறைந்தது 10 நாள் வரை தாயைப் பார்ப்பது மருத்துவச்சிதான். எல்லாம் இயல்பாகப் போனால் பிரசவ நேரத்தில் டாக்டர் அந்த அறைக்குள் வரவே மாட்டார். சிக்கல் வருவதை முதலில் கண்டுபிடித்து டாக்டரைக் கூப்பிடுவதும் மருத்துவச்சியின் பொறுப்பே.

மருத்துவச்சி என்றதும் நமக்கு வீட்டில் பிரசவம் பார்த்த பாட்டிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இலங்கைத் தமிழர்கள் ‘மருத்துவ மாது’ என்பார்கள். இந்தப் பக்கத்தில் மருத்துவச்சி என்று நான் சொல்வது படித்து, பதிவு பெற்று வேலை செய்பவரை. அந்தப் பழைய சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ப்ளஸ் டூ முடிச்சிட்டேன். நேரா இங்கிலாந்து போய்ப் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் கதவு குறுகலானது. ஒவ்வொரு மாணவிக்கும் மருத்துவமனையில் பயிற்சி இடம் வேண்டும் என்பதால் இடங்களே குறைவு. வெளிநாட்டு மாணவர்களை எல்லாப் பல்கலைக்கழகங்களும் எடுப்பதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் பெரும்பாலும் 7 கேட்பார்கள். நேர்முகத் தேர்வு உண்டு. “குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்” என்று அங்கே சொல்லாதீர்கள். இந்த வேலை முதலில் தாய்மார்களைப் பற்றியது.

செலவு பெரிது. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தோடு விசா, மருத்துவ வரி, வாடகை எல்லாம் சேரும். உள்ளூர் மாணவர்களுக்கு அரசு வருடம் 5,000 பவுண்டு பயிற்சி உதவித்தொகை தருகிறது. மாணவர் விசாவில் வருபவருக்கு அது கிடையாது. மூன்று வருடத்தில் 4,600 மணி நேரப் படிப்பு, அதில் பாதி மருத்துவமனையிலும் வீடுகளிலும். இரவுப் பணி, பன்னிரண்டு மணி நேரப் பணி எல்லாம் மாணவிக்கும் உண்டு. பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் வாரக் கடைசியில் மட்டும் வேலை பார்த்தேன். அதற்கே திங்கட்கிழமை காலையில் கண் திறக்காது.

நான் பி.எஸ்சி. நர்சிங், ரெண்டு வருஷம் லேபர் வார்டுல இருந்திருக்கேன். மறுபடியும் முதல்ல இருந்தா?

வேண்டியதில்லை. பிரிட்டனின் செவிலியர் மருத்துவச்சி கவுன்சிலில் மருத்துவச்சியாகப் பதிவு கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர்கள் உங்கள் படிப்பையும் பதிவையும் பார்ப்பார்கள். பிறகு இரண்டு தேர்வுகள். ஒன்று கணினியில் எழுதுவது, இன்னொன்று பிரிட்டனில் செய்முறையாகச் செய்து காட்டுவது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் எழுத்துப் பகுதியில் 6.5, மற்றவற்றில் 7. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதினால் பி கிரேடு, எழுத்துப் பகுதியில் மட்டும் சி பிளஸ் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் லேபர் வார்டில் செவிலியர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பல இடங்களில் முடிவெடுப்பது டாக்டர்தான். அங்கே செய்முறைத் தேர்வில் உதிரப்போக்கு, தோள் சிக்கிய குழந்தை போன்ற நிலைமைகளைக் கொடுத்து “நீங்கள் என்ன செய்வீர்கள்” என்று கேட்பார்கள். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு அவர் வரும்வரை உங்கள் கை என்ன செய்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். சிலர் முதலில் செவிலியராகப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள குறுகிய மருத்துவச்சிப் படிப்பைப் படிக்கிறார்கள். அதுவும் நல்ல வழி.

வெளிநாடுதான் வேண்டும் என்றில்லை என்றால், இந்தியாவிலேயே 2018-இல் அறிவித்த மகப்பேறு செவிலியப் பயிற்சி இருக்கிறது. 18 மாதம். பிரசவத்தைத் தன் பொறுப்பில் பார்க்கும் செவிலியரை உருவாக்குவதற்கென்றே கொண்டுவரப்பட்டது. இதை நான் சொன்னதும் முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியது மருத்துவச்சி வேலையா, விமானப் பயணமா என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

கல்யாணம் ஆகாத பொண்ணு பிரசவம் பார்க்கிறதான்னு வீட்டுல கேக்குறாங்க.

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தீட்டு, பயந்துவிடுவாள், நாளைக்குப் பிள்ளையே வேண்டாம் என்பாள் என்று ஆளுக்கொன்று. என் அம்மாவை மாற்றியது ஒரு கேள்விதான்: “என்னைப் பெற்றபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்?” அவர் வெகுநேரம் பேசினார். அந்த நர்ஸின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

ஆம்பளைங்க படிக்கலாமா?

பிரிட்டனில் 1983 முதல் தடையில்லை. எண்ணிக்கை மிகக் குறைவு. என் வகுப்பில் ஒருவர் இருந்தார். தாய் வேண்டாம் என்றால் அமைதியாக வெளியே போய்விடுவார். அந்த மரியாதை அவரிடமிருந்து நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டது.

படிப்பு முடிக்க 40 பிரசவம் பார்க்கணுமாமே, உண்மையா?

உண்மை. ஐரோப்பிய விதிகளிலிருந்து வந்த கணக்கு அது. மாணவி தன் கையால் 40 பிரசவம் பார்க்க வேண்டும். அத்தனை தாய்மார்கள் கிடைக்காவிட்டால் 30 பார்த்து, இன்னும் 20-இல் உதவியிருந்தால் போதும். அதோடு கர்ப்பகாலப் பரிசோதனை 100, பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனை 100, சிக்கல் உள்ள தாய்மார்கள் 40 என்று போகும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கி லாக் புக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த எண் மாணவிகளை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வருடக் கடைசியில் என்னிடம் 19 இருந்தது. ஒரு தாயை எட்டு மணி நேரம் கூட இருந்து பார்த்தேன். கடைசியில் ஆபரேஷன் என்று முடிவானதும், அவளுக்காக வருத்தப்படும் முன் “ஐயோ, எண்ணிக்கை போச்சே” என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அந்தக் கணத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

பணம் கட்டினா ஆப்பிரிக்காவுல ரெண்டு வாரத்துல 20 பிரசவம் பார்க்க விடுவாங்களாமே? இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் வருது.

அந்த விளம்பரங்கள் உண்மையில் விற்பது என்ன என்று பாருங்கள். உங்கள் ஊரில், உங்கள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொட முடியாத ஒரு தாயை அங்கே தொடலாம் என்கிறார்கள். ஏன் தொடலாம்? அவள் ஏழை, அவளுக்கு வேறு இடமில்லை, உங்களைக் கேள்வி கேட்க அவளால் முடியாது. இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு தாயும் யாருடைய கணக்கை நிரப்பவும் பிள்ளை பெறுவதில்லை.

உகாண்டாவின் ஜின்ஜாவில் மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண் சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்று மையம் நடத்தினார். அங்கே குழந்தைகள் இறந்தார்கள். தாய்மார்கள் 2019-இல் வழக்குப் போட்டார்கள். பொறுப்பை ஏற்காமல் பணம் கொடுத்து 2020-இல் அந்த வழக்கு முடிக்கப்பட்டது. நல்லெண்ணம் இல்லாதவர் என்று அவரை நான் சொல்லவில்லை. நல்லெண்ணம் போதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று: அப்படிப் பார்த்த பிரசவங்களை பிரிட்டனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 40-இல் சேர்ப்பதில்லை. அங்கிருந்து போகும் மாணவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி என்பது பார்த்துக் கற்பதற்கே.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். நானே போனேன், அதில் எனக்கு நன்மை நடந்தது. ஆனால் போகும் முன் நாலு விஷயம் கேளுங்கள். உங்களைக் கூப்பிட்டது அந்த மருத்துவமனையா, நடுவில் உள்ள கம்பெனியா? உங்களுக்குப் பொறுப்பான மருத்துவச்சி யார், அவர் பணியில் இல்லாத நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த நாட்டின் செவிலியர் மருத்துவச்சி கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா? நீங்கள் கட்டும் பணத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உங்கள் கல்லூரிக்கும் அந்த மருத்துவமனைக்கும் இடையே ஒப்பந்தம் இருப்பதுதான் பாதுகாப்பு. காப்பீடும் அப்போதுதான் செல்லும். இரண்டு வாரம் போதவே போதாது. முதல் வாரம் பஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்பதிலேயே போய்விடும்.

அங்கே ஆளே இல்லையே. நாம செய்யலேன்னா யார் செய்வா?

ஆள் இல்லை என்பது உண்மை. உலகத்தில் 9 லட்சம் மருத்துவச்சிகள் குறைவு என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2021 அறிக்கை சொன்னது. ஆனால் நான்கு வாரத்தில் திரும்பிப் போகிற மாணவி அந்த ஒன்பது லட்சத்தில் ஒருத்தி ஆகமாட்டாள்.

நான் இருந்தது ஒரு நான்காம் நிலை சுகாதார மையம், அதாவது ஆபரேஷன் அறை உள்ள சிறிய மருத்துவமனை. இரண்டாவது வாரம் ஒரு பிரசவத்துக்கு அங்குள்ள சிஸ்டர் கையுறையை என்னிடம் நீட்டினார். விருந்தாளிக்கு முதல் இலை போடுகிற மாதிரி. வாங்கிக்கொண்டேன். பெண் குழந்தை, நன்றாக அழுதது. பிறகு திரும்பிப் பார்த்தால், சுவரோரம் அந்த ஊர் மருத்துவச்சிப் பள்ளி மாணவி ஒருத்தி லாக் புக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் என்னைப் போலவே எண்ணிக்கை வேண்டும். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, இரவில் தங்கியும்கூட. எனக்குக் கொடுத்த ஒவ்வொரு பிரசவமும் அந்த நாட்டிலேயே முப்பது வருடம் வேலை செய்யப்போகிறவளிடமிருந்து எடுத்துக் கொடுத்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் சிஸ்டரிடம் போய், இனி அவளுக்கே கொடுங்கள், நான் பின்னால் நிற்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். மிச்ச நாட்களில் குழந்தையைத் துடைத்தேன், நேரம் குறித்தேன், தாயின் இடுப்பை அழுத்திக்கொடுத்தேன். எத்தியோப்பியாவில் 2007-இல் தொடங்கிய ஹாம்லின் மருத்துவச்சிக் கல்லூரி கிராமத்துப் பெண்களை எடுத்துப் படிக்கவைத்து மறுபடி கிராமப் பகுதிகளுக்கே வேலைக்கு அனுப்புகிறது. ஆள் பற்றாக்குறைக்கு மருந்து அந்த மாதிரி இடங்களில் இருக்கிறது.

பின்னால நின்னா என்ன கத்துக்க முடியும்?

நிறைய. இங்கிலாந்தில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவி காட்டிவிடும். அங்கே பினார்டு குழல்தான், வயிற்றில் வைத்துக் காதால் கேட்கும் கொம்பு போன்ற குழல். முதல் மூன்று நாள் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மாணவி என் தலையைப் பிடித்துச் சாய்த்து, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று கையால் தேடச் சொல்லிக்கொடுத்தாள். இன்று கருவி பழுதானாலும் என் கை தேடிவிடும். அதைச் சொல்லித்தந்தவள் அவள்தான்.

அங்கே தாய்மார்கள் பிரசவத்துக்கு வேண்டியதை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். மாமா கிட் என்று பெயர், அங்கே ‘மாமா’ என்றால் அம்மா. பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை, பஞ்சு, பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நூல். உள்பரிசோதனை கற்றுக்கொள்ளலாமே என்று ஒரு மாணவி கையுறை மாட்டினால், அது அந்தத் தாய் காசு கொடுத்து வாங்கிய கையுறை. இதைப் பார்த்த பிறகு தேவையில்லாத உள்பரிசோதனையை நான் எங்குமே செய்வதில்லை.

பாஷை தெரியாம எப்படி?

பத்துச் சொல்லாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். தலைநகர் கம்பாலாப் பக்கம் பேசுவது லுகாண்டா மொழி. ‘ஞாபோ’ என்றால் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. ‘சிந்திகா’ என்றால் நம் ஊர் “முக்கும்மா”. ‘வெபாலே’ நன்றி. அதைவிட முக்கியமாக ‘ந்தி முயிசி’, நான் மாணவி. வெளிநாட்டு முகத்தோடு வெள்ளைச் சட்டை போட்டு நின்றால் எல்லோரும் ‘முசாவோ’ என்பார்கள், வைத்தியர் என்று அர்த்தம். அந்தத் தவறான எண்ணத்தோடு ஒரு தாய் உங்களுக்குச் சம்மதம் சொன்னால் அது சம்மதம் ஆகாது. தினமும், ஒவ்வொரு தாயிடமும் சொல்லுங்கள்.

உசிருக்குப் போராடும்போது பக்கத்துல யாருமே இல்லேன்னா? அப்பவும் கையைக் கட்டிட்டு நிக்கணுமா?

கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கற்றதைச் செய்யலாம், கல்லாததைச் செய்யக் கூடாது. குழந்தை அழவில்லை என்றால் உடனே துடைத்து, தேய்த்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுப்பது நீங்கள் பயிற்சி பெற்ற விஷயம். செய்யுங்கள். நஞ்சுக்கொடி வந்த பிறகு உதிரம் கொட்டினால் கத்திக் கூப்பிட்டுவிட்டு, கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக்கமாக்குங்கள், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள்.

வாக்யூம் வைப்பது, தலைக்குப் பதில் பிட்டம் முதலில் வரும் குழந்தையைத் தனியாக எடுப்பது, கையை விட்டு நஞ்சுக்கொடியை எடுப்பது இவையெல்லாம் உங்கள் வேலை இல்லை, யார் சொன்னாலும். “உங்க ஊர்ல படிச்ச பொண்ணுதானே, செய்” என்று அன்பாகவே சொல்வார்கள். எனக்கும் நடந்தது. “எனக்குத் தெரியாது சிஸ்டர்” என்று சொல்ல அன்று என் நாக்கு எழவே இல்லை, ஆனாலும் சொன்னேன். போகும் முன் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள்.

தாயைத் திட்டுறாங்க, தொடையில அடிக்கிறாங்க. நான் எதிர்த்துப் பேசலாமா?

முதலில் ஒன்று. இது ஆப்பிரிக்காவின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். “அப்போ இனிச்சது, இப்போ வலிக்குதா” என்ற வசையை நம் ஊர் வார்டுகளில் கேட்ட அம்மாக்கள் எத்தனையோ பேர். பிரசவ நேரத்து அவமதிப்பைத் தடுக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் தனி அறிக்கையே வெளியிட்டது, எல்லா நாடுகளுக்கும் சேர்த்து.

அந்த நேரத்தில் தாயின் தலைமாட்டுக்குப் போய்விடுங்கள். கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, தண்ணீர் கொடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் மென்மையாக நின்றாலே குரல்கள் தணிவதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு உங்களுக்குப் பொறுப்பானவரிடம் தனியாகச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். பன்னிரண்டு தாய்மார்களை ஒற்றை ஆளாகப் பார்க்கும் ஒருவரை எல்லோர் முன்னாலும் வெளிநாட்டுக்காரி கண்டித்தால், நீங்கள் போன பிறகு அந்தக் கோபம் தாய்மார்கள் மேல்தான் விழும்.

என்னென்ன ஊசி போடணும்? ஊசி குத்திடுச்சுன்னா?

உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை முடிய ஆறு மாதமாகும், அதன் பிறகு எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தப் பரிசோதனை. ஆக, எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுத்துப் போங்கள்.

வேலையின்போது நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி உங்கள் கையில் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரம் தாண்டாமல் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து அங்கே கிடைக்குமா என்பதைப் போய் இறங்கிய முதல் நாளே கேளுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற மாணவிகள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

லண்டன்ல அத்தை வீட்டுக்கு விசிட்டர் விசாவுல போறேன். அங்க ஆஸ்பத்திரியில தன்னார்வலரா இருக்கலாமா?

அந்த விசாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 நாள் வரை தன்னார்வ வேலை செய்யலாம். பிரசவ அறையில் தாயைத் தொடுகிற எந்த வேலையும் அதில் வராது.

குழந்தையோட போட்டோ போடலாமா? அவங்கதான் சரின்னாங்க.

வேண்டாம். இங்கிலாந்து வார்டில் அந்தப் படத்தை எடுப்பீர்களா? ‘முசாவோ’ கேட்டால் அந்தத் தாய் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். மொழிக் கேள்வியில் சொன்னதேதான் இதற்கும்.

படிச்சிட்டு ஊருக்கே திரும்பினா வேலை கிடைக்குமா?

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் பதிலில் சொன்னபடி நம் ஊரில் நர்சிங்கும் மருத்துவச்சியும் சேர்ந்த பதிவு. நர்சிங் இல்லாத மருத்துவச்சிப் பட்டத்தோடு வந்தால் எந்தப் பதிவில் சேர்ப்பது என்ற சிக்கல் வரும். திரும்பும் எண்ணம் இருந்தால் இங்கே நர்சிங் முடித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் சேரும் முன்பே நம் ஊர் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பியவர்கள் செய்வது பெரிது. சோமாலிலாந்தின் எட்னா அதான் இஸ்மாயில் 1950-களில் பிரிட்டன் போய் நர்சிங்கும் மருத்துவச்சிப் படிப்பும் படித்தவர். ஊருக்குத் திரும்பி, பல வருடம் கழித்து 2002-இல் ஹர்கெய்சாவில் சொந்த மருத்துவமனை திறந்தார். மருத்துவச்சிகளை உருவாக்குவதையே வேலையாக வைத்துக்கொண்டார். 2023-இல் அவருக்கு டெம்பிள்டன் பரிசு கிடைத்தது.

நீங்க திரும்பவும் உகாண்டா போவீங்களா?

போவேன், பிரசவம் பார்க்க அல்ல. அந்த மையத்தில் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பயிற்சியை ஊழியர்களோடு சேர்ந்து மறுபடி செய்து பார்க்க ஆள் வேண்டும், அதற்கான முகமூடிகளும் வேண்டும் என்றார்கள். பிறந்த குழந்தைக்கான 0, 1 அளவு முகமூடிகள்தான் முதலில் தொலைந்துபோகின்றனவாம். அவற்றை வாங்கி வைத்துவிட்டேன், தேதிக்குக் காத்திருக்கிறேன்.